பூல் லீக்கில் அணி சேர்க்கமுன் பரிசுக் காசின் கணக்கைக் கேளுங்கள்

2023இல் கொழும்பில் நடந்த ஒரு பூல் (மேசையில் கோலால் பந்துகளை அடித்துப் பைகளில் விழுத்தும் ஆட்டம்) லீக்கில் எங்கள் அணி இரண்டாம் இடம் வந்தது. போஸ்டரில் இரண்டாம் இடத்துக்கு 1 இலட்சம் ரூபா என்று பெரிதாகப் போட்டிருந்தது. கையில் கிடைத்தது 40 ஆயிரமும், அதே கிளப்பில் 25 மணி நேரம் இலவசமாக விளையாடுவதற்கான கூப்பன்களும்தான். மிச்சம் 60 ஆயிரத்துக்காக நான் அலைந்து முடிவதற்குள் அடுத்த சீசனே முடிந்துவிட்டது. அணியில் நாங்கள் ஐந்து பேர், ஆனால் அலைந்தது நான் மட்டும். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். யாரையும் பெயர் சொல்லித் திட்டுவதற்காக எழுதவில்லை. அந்தக் கிளப்பின் பெயரும் வேண்டாம், நடத்தியவரின் பெயரும் வேண்டாம். அணி சேர்க்கும் யோசனையில் இருக்கும் ஒரு தம்பியோ தங்கையோ முதல் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இதை வாசித்தால் போதும்.

லீக் எப்படி நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு விளங்காது. ஐந்து பேர் கொண்ட 12 அணிகள், 8 பந்து ஆட்டம் (தன் பந்துகளை முடித்து, கடைசியில் 8ஆம் இலக்கப் பந்தை விழுத்துபவர் வெல்லும் பூல் வகை), ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒரு தடவை மோத வேண்டும். அதாவது அணிக்கு 11 சுற்று. கடைசியில் முதல் நான்கு அணிகளுக்கு அரையிறுதியும் இறுதியும். பதிவுக் கட்டணம் அணிக்கு 12 ஆயிரம். அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் அணிக்கு 3 ஆயிரம். போஸ்டரில் மொத்தப் பரிசு 4 இலட்சம்: முதலிடத்துக்கு 2 இலட்சம், இரண்டாவதுக்கு 1 இலட்சம், அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளுக்கும் தலா 30 ஆயிரம், தனிநபர் விருதுகளுக்கு 40 ஆயிரம். ஓர் அனுசரணையாளர் ஒன்றரை இலட்சம் போடுகிறார் என்றும் அடியில் எழுதியிருந்தது. நடத்தியவர் கிளப்பின் சொந்தக்காரர். நல்ல மனிதர், எல்லோருக்கும் பழக்கமானவர், நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இந்த ‘நல்ல மனிதர்’ என்பதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். சிக்கலே அதில்தான் இருந்தது.

எங்கள் அணியில் வெள்ளவத்தையிலிருந்து நானும் என் மச்சானும், தெஹிவளையிலிருந்து ஒரு முஸ்லிம் நண்பர், கொட்டாஞ்சேனையிலிருந்து சகோதரர்கள் இருவர். வேலை முடிந்து காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, கொத்து ரொட்டியைப் பாதியில் விட்டுவிட்டு மேசைக்கு ஓடிய இரவுகள் நிறைய. பணக்காரர் யாரும் இல்லை. கட்டணத்தை ஐந்தாகப் பிரித்துக் கட்டினோம். கெப்டன் என்ற முறையில் காசை வாங்கி, அண்ணனின் கணக்குக்கு ஒன்லைனில் போட்டது நான். அது அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கு. லீக்குக்கென்று தனிக் கணக்கு இருக்கவில்லை. சில அணிகள் கையில் காசாகவே கொடுத்தன, அவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். பற்றுச்சீட்டு யாருக்கும் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம். காசைக் கையில் கொடுத்தால் அன்றிரவே வட்ஸ்அப்பில் ‘அண்ணன், இன்று ஐந்தாம் சுற்றுக்கு 3,000 தந்தேன்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அவர் ‘ஓகே’ என்று ஒரு கட்டைவிரல் போட்டாலே போதும். நான் வங்கிக்குப் போட்டதால் என்னிடம் ஸ்கிரீன்ஷொட் இருந்தது. பின்னால் அதுதான் கை கொடுத்தது. காசாகக் கொடுத்த கெப்டன் ஒருவர், தான் எத்தனை சுற்றுக்குக் கட்டினார் என்பதையே நிரூபிக்க முடியாமல் நின்றார்.

நான்காவது சுற்று முடிந்ததும் இரண்டு அணிகள் விலகிக்கொண்டன. ஓர் அணியில் இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள், மற்றதில் உள்வீட்டுச் சண்டை. அமெச்சூர் லீக்கில் இது சாதாரணம்தான். எங்களுக்கு அப்போது வந்த யோசனை ‘நல்லது, அந்த அணிகளோடு விளையாடாமலே புள்ளி கிடைக்கும்’ என்பது மட்டும்தான். அந்த இரண்டு அணிகளும் தங்கள் மிச்ச 7 சுற்றுக்கும் கட்ட மாட்டார்கள். அவர்களோடு மோத இருந்த அணிகளும் அந்த இரவுகளுக்குக் கட்ட மாட்டார்கள். இரண்டும் சேர்ந்து 84 ஆயிரம் ரூபா வராது. பரிசுப் பானையில் ஓட்டை விழுந்தது அன்றைக்குத்தான், ஆனால் லீக்கின் வட்ஸ்அப் குழுவில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. போஸ்டர் சுவரில் அப்படியே தொங்கியது.

இறுதிப் போட்டி இரவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கடைசி ரேக்கில், அதாவது கடைசித் தனி ஆட்டத்தில், 8ஆம் பந்தை மூலைப் பையின் வாயில் விட்டுத் தோற்றோம். வலித்தது, ஆனால் இரண்டாம் இடம், ஆளுக்கு 20 ஆயிரம் என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், கையில் ஓர் உறை தந்தார்கள். கழிப்பறைக்குள் போய்த் திறந்து எண்ணினேன். 40 ஆயிரமும் கூப்பன்களும். வெளியே வந்து அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டேன். “தம்பி, ஸ்பொன்சர்காரன் இன்னும் முழுசாப் போடேல்லை. போட்டவுடனே முதல் ஆள் நீதான். காசு எங்கேயும் போகாது” என்றார். முதலிடம் வந்த அணிக்கும் 2 இலட்சத்துக்குப் பதில் 80 ஆயிரம்தான் என்று அடுத்த நாள் தெரிந்தது. அரையிறுதி அணிகளுக்குத் தலா 10 ஆயிரம், தனிநபர் விருதுகளுக்கு 20 ஆயிரம்.

அணிக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனைச் சகோதரர்கள் இருவருக்கும் அந்தக் காசு அவசரமாகத் தேவைப்பட்டது. வீட்டில் ஒரு சுகவீனம். அவர்களுக்கு வந்திருந்த 40 ஆயிரத்தையும் அப்படியே கொடுத்தேன். மற்ற இருவருக்கும் என் சம்பளத்திலிருந்து தலா 20 ஆயிரம் கொடுத்துவிட்டேன். அவர்களைச் சேர்த்தது நான், பரிசுத் தொகையைச் சொல்லி ஆசை காட்டியதும் நான். ஆக, வர வேண்டிய 60 ஆயிரமும் என் தலையில் வந்து நின்றது, மற்ற நான்கு பேருக்கும் கணக்குத் தீர்ந்துவிட்டது. அலைந்தது ஏன் நான் மட்டும் என்பதற்குக் காரணம் இதுதான். தெஹிவளை நண்பர் மட்டும் இடைக்கிடை “மச்சான், அந்தச் சல்லி வந்ததா?” என்று கேட்பார். வரவில்லை என்றதும் “விடு மச்சான், அல்லாஹ் வேறு வழியில் தருவான்” என்பார். எனக்கு அது ஆறுதலாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

கேட்டுப் போகும்போது முதலில் சிரிப்பு, பிறகு தேநீர், பிறகு ‘அடுத்த வெள்ளி’. அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. குழுவில் ஒரு தடவை பொதுவாக ‘பரிசுத் தொகையின் மிச்சம் எப்போது கிடைக்கும்?’ என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ‘ஏன் இப்படி அவரை அவமானப்படுத்துகிறாய்?’ என்றார்கள். கிளப்பின் வயதான ஆட்டக்காரர் ஒருவர் நேரிலேயே கேட்டார்: “லாபிர் காசுக்கா விளையாடினவர்?” எம்.ஜே.எம். லாபிர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றவர், இந்த நாட்டுக்கு உலகப் பட்டம் கொண்டுவந்த கொழும்பு மனிதர். அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் கிளப்பில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். நானும் அன்று மூடிக்கொண்டேன், ஆனால் பஸ்ஸில் வரும்போது பதில் தோன்றியது. லாபிரிடம் யாரும் சுற்றுக்கு 3 ஆயிரம் வாங்கிக்கொண்டு 1 இலட்சம் தருகிறேன் என்று போஸ்டர் அடிக்கவில்லையே! காசு வேண்டாம், கோப்பை போதும் என்றால் கட்டணத்தையும் அதற்கேற்பக் குறைக்கலாம், மகிழ்ச்சியாக விளையாடுவோம்.

நம் ஆட்களிடம் இந்த வெட்கம் பெரிய நோய். கடன் வாங்கியவன் தலை நிமிர்ந்து நடப்பான், கொடுத்தவன் கேட்கக் கூச்சப்படுவான். அமெச்சூர் லீக்கின் பரிசுப் பணம் நடத்துபவர் நமக்குத் தரும் அன்பளிப்பு இல்லை. பெரும்பகுதி நாம் கட்டியது. அவர் அதை வைத்திருப்பவர், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கேட்கும்போது குரல் நடுங்காது. எனக்கு இது விளங்கவே சில மாதம் பிடித்தது.

நடுவில் வரிக் கதை ஒன்றும் வந்தது. பரிசுக் காசில் அரசாங்கத்துக்கு வரி கழிக்க வேண்டும், அதனால்தான் குறைந்தது என்று யாரோ பரப்பினார்கள். அண்ணனும் மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் கேட்டேன். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி பரிசு, லொத்தர் போன்ற வெற்றித் தொகைகளில் 14 சதவீதம் கழிப்பது உண்மைதான், ஆனால் 1 இலட்சத்தில் அது 14 ஆயிரம்தான் என்றார். எங்களுக்குக் குறைந்ததோ 60 ஆயிரம். இந்தச் செய்தியைக் குழுவில் போட்டதும் வரிக் கதை நின்றது. உங்களிடமும் யாராவது வரி என்று சொன்னால், கழித்ததற்கான சான்றிதழைக் கேளுங்கள். கழித்தவர் அதைக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதைச் செய்ய யாருடைய கொப்பியும் தேவையில்லை, எல்லா எண்களும் சுவரிலேயே இருந்தன. 12 அணிகள், பதிவு 1,44,000. 11 சுற்று, சுற்றுக்கு 3 ஆயிரம், 12 அணிகள்: 3,96,000. மொத்தம் 5,40,000. அனுசரணை ஒன்றரை இலட்சமும் முழுசாக வந்தால் 6,90,000. இனிச் செலவு. 12 அணிகள் ஒரு தடவை மோதினால் 66 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மேசை, மூன்று மணி நேரம், மேசை வாடகை மணிக்கு 800: ஆட்டத்துக்கு 4,800, 66 ஆட்டத்துக்கு 3,16,800. கோப்பை, டீ ஷர்ட், போஸ்டர், இறுதி நாள் எல்லாம் 70 ஆயிரம் என்று அண்ணன் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லியிருந்தார். கழித்தால் மிஞ்சுவது 3,03,200. ஒருவரும் விலகாமல், அனுசரணையாளர் ஒரு சதம் குறைக்காமல், எல்லாம் சரியாக நடந்திருந்தால்கூட 4 இலட்சம் வந்திருக்காது! ஏறக்குறைய 97 ஆயிரம் குறைந்திருக்கும்.

அப்படியானால் 4 இலட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? 16 அணிகள் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். பதிவு 1,92,000. 15 சுற்றுக் கட்டணம் 7,20,000. அனுசரணையோடு 10,62,000. 120 ஆட்டத்துக்கு மேசை வாடகை 5,76,000, மற்றச் செலவு 70 ஆயிரம். மிஞ்சுவது 4,16,000. விடை கிடைத்துவிட்டது. மனிதர் 16 அணி வரும் என்று நம்பிப் போஸ்டர் அடித்திருக்கிறார், 12 வந்தது, போஸ்டரை மாற்றவில்லை. பிறகு இரண்டு அணி விலகியது. அனுசரணை ஒன்றரை இலட்சத்தில் 50 ஆயிரம்தான் காசு, மிச்சம் டீ ஷர்ட்டும் குளிர்பானப் பெட்டியும். உண்மையில் வந்தது 5,06,000. நடந்த 52 ஆட்டத்துக்கு மேசை வாடகை 2,49,600, மற்றது 70 ஆயிரம். பரிசுக்கு மிஞ்சியது 1,86,400. அதில் 1 இலட்சத்து 60 ஆயிரம் கொடுத்திருக்கிறார். மிச்சம் 26 ஆயிரம் எங்கே என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அதைத் திருட்டு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

திருடன் என்று நினைத்து எரிந்துகொண்டிருந்த எனக்கு அன்று கொஞ்சம் நெருப்பு அணைந்தது, வேறு ஒன்று பற்றிக்கொண்டது. மேசை வாடகை யாருக்குப் போனது? அவருக்கே. லீக்கை நடத்துபவரும் மேசைக்குச் சொந்தக்காரரும் ஒரே ஆள் என்றால், வருமானம் குறையும்போது அவர் முதலில் தன் வாடகையை எடுத்துக்கொள்வார், வெட்டு பரிசில்தான் விழும். அவருடைய நிலைமையும் தெரியும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். ஏசியும் மேசைக்கு மேல் விளக்கும் எரியாமல் பூல் கிளப் நடத்த முடியாது. நாங்கள் கட்டிய காசு அந்தக் கணக்கில் விழுந்த கையோடு கரண்ட் பில்லுக்குப் போயிருக்கும், அனுசரணைக் காசு வரும்போது நிரப்பிவிடலாம் என்று நினைத்திருப்பார். அதனால்தான் லீக்குக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்கிறேன். ஒருவர் நேர்மையானவரா என்பது இரண்டாவது கேள்வி. பரிசுக் காசும் கடைக் காசும் ஒரே கணக்கில் கிடந்தால் நேர்மையானவராலும் கடன்பட்டு நிற்காமல் தப்ப முடியாது. புதிதாக வங்கியில் கணக்குத் திறக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, விளையாடும் அணிகளில் இரண்டு கெப்டன்மார் சேர்ந்து கூட்டுச் சேமிப்புக் கணக்கொன்றில் பரிசுப் பங்கை மட்டும் வைத்திருக்கலாம். சுற்றுக் கட்டணம் 3 ஆயிரம் என்றால் 2 ஆயிரம் மேசைக்கு, ஆயிரம் பரிசுக்கு என்று பிரித்து, அந்த ஆயிரம் நேராக அங்கே போக வேண்டும்.

இன்னொரு பானை இருந்தது. ‘பிரேக் அன்ட் ரன்’ ஜாடி. ஒவ்வொரு ஆட்ட இரவும் ஆளுக்கு 100 ரூபா ஜாடியில் போடுவோம். யாராவது தானே உடைத்து (முதல் அடியை அடித்து), எதிராளிக்கு ஒரு தட்டும் கொடுக்காமல் தன் பந்துகளையும் 8ஐயும் விழுத்தி முடித்தால் ஜாடியிலிருந்து அவருக்குப் பங்கு. கேட்க ஆசையாக இருக்கும், 100 ரூபா யாருக்கும் வலிக்காது. ஆனால் ஆட்டத்துக்கு 10 பேர், 52 ஆட்டம்: 52 ஆயிரம். சீசனில் இரண்டு பேர்தான் செய்தார்கள், அவர்களுக்குத் தலா 10 ஆயிரம் கிடைத்தது. அப்படியானால் மிச்சம் 32 ஆயிரம் இருக்க வேண்டும். தனிநபர் விருது என்று கடைசியில் கொடுத்த 20 ஆயிரம் இந்த ஜாடியிலிருந்துதான் வந்ததென்று எனக்குச் சந்தேகம். அப்படியென்றால் நம் 100 ரூபாவையே எடுத்து நமக்கே விருது கொடுத்திருக்கிறார்கள். ஜாடி விஷயத்தில் இரண்டு கேள்வி முதலிலேயே கேளுங்கள்: ஒவ்வொரு வாரமும் தொகையை யார் எண்ணி எழுதுகிறார்? சீசன் முடிவில் யாரும் எடுக்காத காசு என்ன ஆகும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத்தில் இல்லாத எந்த ஜாடியிலும் நான் இப்போது காசு போடுவதில்லை. கஞ்சன் என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அந்த நாட்களில் இரவில் தூக்கம் வராமல் போனில் தேடிக்கொண்டிருந்தபோது 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரீனோ நகரில் நடந்த ஐபிடி (இன்டர்நெஷனல் பூல் டூர்) உலக ஓபன் 8 பந்துப் போட்டியைப் பற்றி வாசித்தேன். மொத்தப் பரிசு 30 இலட்சம் டொலர். பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயஸ் இறுதியில் ரொட்னி மொரிஸை வென்று 5 இலட்சம் டொலருக்கு உரியவரானார். பூல் போட்டியொன்றின் முதல் பரிசாக அதுவரை யாரும் கண்டிராத தொகை. ஆனால் போட்டி முடிந்ததும் ஆட்டக்காரர்களுக்குச் சொன்னபடி காசு கிடைக்கவில்லை, பிறகு தவணை தவணையாகத்தான் கொடுத்தார்கள். உலகமே மந்திரவாதி என்று கூப்பிடும் ரெயஸே காத்திருந்திருக்கிறார் என்றால் நான் எம்மாத்திரம் என்று சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு ஒன்று உறைத்தது. தொகை பெரிதாகப் பெரிதாக, அது ஏற்கெனவே வங்கியில் இருக்கிறதா, இல்லை இனித்தான் வர வேண்டுமா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அனுசரணையாளரின் பெயர் போஸ்டரில் இருந்தால், அவர் தருவது காசா பொருளா, எப்போது தருகிறார் என்று அவரிடமே கேட்கலாம். நான் பின்னால் கேட்டேன், ஒரே போன் அழைப்பில் பதில் சொல்லிவிட்டார். சீசன் தொடங்கமுன் யாராவது அந்த அழைப்பை எடுத்திருக்கலாம்.

காசை மீட்கும் வழிகளைப் பற்றியும் சொல்கிறேன். பொலிஸுக்குப் போகலாமா என்று மற்றக் கெப்டன்மாரிடம் கேட்டேன். ஒருவரும் தயாராக இல்லை. காரணம் எளிது. அந்தக் கிளப்பில் பக்கப் பந்தயம் ஓடும், இறுதி நாளில் அணிகளை ஏலம் எடுத்து அந்தக் காசைப் பங்கு போடும் விளையாட்டும் நடந்தது. அமெரிக்கக் கிளப்புகளில் அந்த ஏலத்தைக் ‘கல்கத்தா’ என்பார்களாம். அதில் கை நனைத்தவர்கள் பொலிஸ் வாசலுக்கு வருவார்களா? விளையாட்டுச் சங்கங்களைப் பதிவு செய்யும் 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டமும் ஒரு தனியார் கிளப் நடத்தும் லீக்கை எட்டிப் பார்க்காது. கடைசியில் அலுவலகத்தில் ஓர் அக்கா சொன்னதுதான் வழி காட்டியது: மத்தியஸ்த சபை.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கும் சபை அது. சிறு தொகைப் பிணக்கு என்றால் நேராக நீதிமன்றம் போக முடியாது, முதலில் இங்கேதான் வர வேண்டும். வார இறுதியில் கூடினார்கள், அதனால் லீவு எடுக்கத் தேவைப்படவில்லை. பெரிய செலவும் இல்லை. சட்டத்தரணி வந்து நமக்காகப் பேச முடியாது, நாமே பேச வேண்டும். எனக்கு அதுதான் பயமாக இருந்தது, ஆனால் அதுவே நல்லதாகவும் முடிந்தது. போஸ்டரின் படம், 12 அணிகளின் அட்டவணை, வங்கிக்குப் போட்ட ஸ்கிரீன்ஷொட்டுகள், ‘முதல் ஆள் நீதான்’ என்று அவர் பிறகு வட்ஸ்அப்பிலும் அனுப்பியிருந்த செய்தி, எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு கோப்பில் கொண்டுபோனேன். சபையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் போலத் தெரிந்த அம்மா ஒருவர் போஸ்டரைக் கையில் எடுத்து, “இது நீங்கள் அடித்ததுதானே?” என்று கேட்டார். அண்ணன் தலையாட்டினார். எனக்கு அந்த இடத்தில் அவர் மேல் பாவமாகிவிட்டது. சபை தீர்ப்புச் சொல்வதில்லை, இரண்டு பக்கத்தையும் ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. 60 ஆயிரத்துக்குப் பதிலாக 45 ஆயிரம், மூன்று தவணையில், என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். 15 ஆயிரத்தை விட்டுக்கொடுத்தது வலித்தது. ஆனால் கையில் இல்லாத 60ஐ விட எழுத்தில் உள்ள 45 மேல் என்று பட்டது.

இப்போது வேறு ஒரு லீக்கில் விளையாடுகிறோம், 8 அணிகள், 28 ஆட்டம், சிறியது. சேரமுன் கெப்டன்மார் எல்லோரும் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசினோம். பரிசை ரூபாவில் அறிவிக்கவில்லை. ‘வந்த பரிசுப் பங்கில் முதலிடத்துக்கு 50 சதவீதம், இரண்டாவதுக்கு 30, மூன்றாவதுக்கு 20’ என்று எழுதினோம், அதனால் அணி குறைந்தாலும் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. அனுசரணை வந்தால் அது வந்த பிறகுதான் அறிவிப்பு. விலகும் அணிக்கு, சேரும்போது கட்டிய வைப்புப் பணம் திரும்பக் கிடையாது, அது பரிசுக்குச் சேரும். ஒவ்வொரு ஞாயிறும் குழுவில் ஒரு படம் வரும்: யார் கட்டினார், யார் கட்டவில்லை, மேசைக்கு எவ்வளவு, பரிசுக் கணக்கில் எவ்வளவு. போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. கட்டாதவர் பெயர் எல்லோருக்கும் தெரிவதால் கட்டணமும் நேரத்துக்கு வருகிறது, இது நாங்கள் எதிர்பார்க்காத லாபம்.

வார இறுதியில் ஒரே நாளில் முடியும் நொக்கவுட் போட்டிகளுக்கும் இதே கணக்குத்தான். 32 பேர், ஆளுக்கு 2 ஆயிரம் என்றால் 64 ஆயிரம் வந்திருக்கிறது, அட்டவணையில் பெயர்களை எண்ணினாலே தெரியும். ஒரு தோல்வியோடு வெளியேறும் முறையென்றால் 31 ஆட்டம், இரண்டு தோல்வி வரை விடுவார்கள் என்றால் 62 அல்லது 63. ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம், மேசை மணிக்கு எவ்வளவு என்று பெருக்கினால் செலவு வந்துவிடும். மிச்சம் பரிசு. நடத்துபவர் தன் உழைப்புக்கு ஒரு பங்கு எடுப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, அது எவ்வளவு என்று முதலில் சொல்லிவிட்டு எடுக்கட்டும். காசு அன்றிரவே கையில் வர வேண்டும். ‘இரண்டு வாரத்தில்’ என்றால் அன்றே ஒரு தாளில் தொகையும் திகதியும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், நண்பராக இருந்தாலும்.

அண்ணன் இரண்டு தவணை கொடுத்துவிட்டார், 30 ஆயிரம். மூன்றாவது இன்னும் வரவில்லை. இணக்கத்தை மீறினால் சபைக்கே திரும்ப அறிவிக்கலாம், அவர்கள் மறுபடி பேசிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்த மாதச் சம்பள நாள் வரை பார்த்துவிட்டுக் கொடுப்பேன்.